உள்ளே இருக்கிற சீவுளி

பதினோரு வருடமாய் என் சாமான்கள்
உரப்பையில்தான் கிடந்தன.
ஒருநாள் குறடு குத்திப் பை கிழிந்து
பஸ் நிலையத்தடியில் ஸ்பானர் எல்லாம் சிதற,
மான் ஒன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டு
உதவாது என்பதுபோல் போனது.
பம்பு திருத்துகிறவளுக்கு ஒரு பெட்டி வேண்டும்.

பலகை ரம்சீன் நானாவிடம் வாங்கினேன்.
மூதூர் லோஞ்சு ஒன்றின் பழைய இருக்கை,
முதிரை.
"ஆணி கிடக்கும் தங்கச்சி, பாத்து" என்றார்.
பார்த்துத்தான் இழைத்தேன்.
மூன்றாம் இழைப்பில் கிடந்தது.
சீவுளி அலகில் அரிசி அளவு பொக்கை.
ஒரு பின்னேரம் முழுக்கச் சாணைக்கல்லில்
அந்த அரிசியைத் தேய்த்தேன்.

பலகையில் யாரோ கத்தியால் கீறிய பெயர்:
'சுக' வரைதான்.
சுகந்தியோ சுகுமாரோ, மீதி மற்றப் பலகையோடு போயிற்று.
முதலில் 'க' போனது.
'சு'வின் சுழி மட்டும் மூன்று முறை தப்பி
நாலாம் முறை சுருளாகி
என் செருப்பில் விழுந்தது.

ஆடி மாதம். கச்சான்
பாலையூற்றுப் புழுதியைப் பல்லுக்குள் அரைத்தது.
முதிரைத் தூளுக்கு நான் தும்மிக்கொண்டே இருந்தேன்.

புறாவால் மூட்டு என்கிறார்கள்.
புறா எனக்குப் பழக்கமில்லை.
நான் கண்டது பாரைமீன் வால்:
ஒடுங்கி, பிறகு விரியும்.
விரிந்ததை ஒடுங்கியதற்குள் கொடுத்தால்
இழுக்க இழுக்க இறுகும்.
கோட்டைக் கத்தி நுனியால் போட்டேன்.
பென்சிலுக்குத் தடிப்பு உண்டு,
அந்தத் தடிப்புக்குள்ளால் வெளிச்சம் வரும்.
வாள் கோட்டைத் தின்னக் கூடாது;
கழிகிற பக்கத்தைத்தான் தின்ன வேண்டும்.

மூன்று மூலை கதவடைத்ததுபோல் பூட்டின.
நாலாவதுக்குக் கரண்ட் போய்விட்டது.
போன் வெளிச்சத்தில் பக்கம் மாறி அறுத்துவிட்டேன்.
கடுகு நுழையும் இடைவெளி.
அதே மரத்தில் ஒரு சிலாம்பு சீவி
பசை தடவிச் செருகினேன்.
யாருக்கும் தெரியாது.
தூக்கும்போதெல்லாம்
என் பெருவிரலுக்குத் தெரியும்.

மூடி காடியில் ஓடியது, ஈரச் சவர்க்காரம் மாதிரி.
"ஓர் ஆணியும் இல்லை" என்று
மூன்று வீட்டுக்குத் தூக்கிப்போய்க் காட்டினேன்.

கார்த்திகையில் மழை வந்தது.
கடலில் ஓடிய மரம்,
மழைக்கு என்ன செய்யப்போகிறது என்றிருந்தேன்.
மரம் குடித்தது.
நீளத்தில் அசையாமல் அகலத்தில் ஊதியது.
மூடி வரவில்லை.
காலை ஊன்றி இழுத்தேன். வரவில்லை.
தட்டிப் பார்க்கக் கொட்டாப்புளி: உள்ளே.
விளிம்பைச் சீவச் சீவுளி: உள்ளே.
நெம்ப உளியும் அங்கேதான்.
"திறக்கிற சாமான் முழுக்கப் பெட்டிக்குள்ளை,
கெட்டிக்காரியம்மா" என்று நிரோசினி
சிரித்துச் சிரித்துப் பாயில் உருண்டாள்.

உவர்மலையில் ஒரு பம்பு புகைந்தது என்று கோல் வந்தது.
கறிக்கத்தியோடும்
ரம்சீன் நானாவின் திருப்புளியோடும் போனேன்.
"உடைச்சிடுவமா?" என்று அவர் கேட்டார்.
வேண்டாம் என்றேன்.
என் கோபம் முழுவதையும் இழுத்துப் பார்த்தும்
நான் வெட்டிய மூலை ஒன்றாவது இளகியதா?
நாலாவதைத் தடவினேன்.
எது சிலாம்பு, எது பலகை,
விரல் தேடிக்கொண்டேயிருந்தது.

மாசியில் ஓரிரவு, சமையலறையில்
'டக்' என்று ஒரு சத்தம்.
பூனை என்று திரும்பிப் படுத்தேன்.
விடியப் பார்த்தால்
மூடி ஒரு நூல் நகர்ந்தது, பிறகு எல்லாம்.

விளிம்பில் ஒரு நூல் சீவலாம்.
சீவினால் கச்சானுக்கு அந்த நூல் ஆடும்.
யோசித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தேன்.
பிறகு எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி,
சீவுளியை மட்டும்
யன்னல் கட்டில் வைத்தேன்.